பாவிலண்ட் 'சிவப்புச் சீமாட்டி'

வேல்ஸ் நாட்டின் கௌவர் தீபகற்பத்துக் கடற்குகை ஒன்றில் 1823ஆம் ஆண்டு தோண்டி எடுக்கப்பட்ட தொல்பழங்கால மனித எலும்புக்கூடு. ஆய்வாளர் ஒருவர் தோண்டி எடுத்துப் பதிவு செய்த முதல் தொல்மனிதப் புதைபடிவம் என்று பொதுவாக இதைச் சொல்வார்கள். மேற்கு ஐரோப்பாவில் சடங்கு முறைப்படி செய்யப்பட்ட மிகப் பழைய அடக்கங்களில் ஒன்றும் இதுவே. வயது ஏறத்தாழ 33,000 ஆண்டுகள். பெயரில் சீமாட்டி இருந்தாலும் எலும்புகள் ஓர் இளைஞனுடையவை. கண்டெடுத்தவர் போட்ட கணக்கில் பாலும் தவறு, காலமும் தவறு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சுவான்சி நகருக்கு மேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் கௌவர். பிரிட்டனில் 'சிறப்பான இயற்கை எழில் பகுதி' என்று முதன்முதலாக 1956இல் அறிவிக்கப்பட்டது இதுதான். அதன் தென்கரையில் போர்ட் ஐனனுக்கும் ரோசிலிக்கும் இடையே சுண்ணாம்புக்கல் பாறைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. பாவிலண்ட் எனப்படும் அந்தப் பாறைமுகத்தில், நீர்த்துளி வடிவில் வாய் பிளந்து நிற்கிறது கோட்ஸ் ஹோல் குகை. மேலிருந்து இறங்குவது ஆபத்து. கடல் வற்றியிருக்கும் நேரத்தில், ஃபாக்ஸ்ஹோல் ஸ்லேட் என்னும் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, கூர்முனைப் பாறைகளைப் பிடித்துப் பிடித்துத்தான் போக வேண்டும். பிரிஸ்டல் கால்வாயின் ஏற்றவற்றம் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பெருவெள்ளுவா நாட்களில் இந்தக் கரையில் நீர்மட்டம் எட்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நேரம் பார்க்காமல் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் காட்சியை அப்படியே 33,000 ஆண்டு பின்னோக்கிக் கொண்டுபோய்விடக் கூடாது. துருவங்களில் நீர் பனியாக உறைந்து கிடந்த காலம் அது. கடல்மட்டம் மிகவும் தாழ்ந்திருந்தது. கரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இன்று அலை புரளும் கால்வாய் அன்று மாமதம் என்னும் பனியுக யானைகளும் கம்பளிக் காண்டாமிருகங்களும் கலைமான்களும் மேய்ந்த புல்வெளி. குகையில் நின்றவன் பார்த்தது கடலை அல்ல, வேட்டை நிலத்தை. வேட்டைக்காரர்களுக்கு அது நல்லதொரு காவல்மேடாக இருந்திருக்கும்.

1822 டிசம்பரில் போர்ட் ஐனனைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரும் பாதிரியார் ஒருவரும் குகையில் விலங்கெலும்புகளையும் யானைத் தந்தம் போன்ற ஒன்றையும் கண்டார்கள். செய்தி பென்ரைஸ் மாளிகையின் டால்பட் குடும்பத்துக்கு எட்டியது. அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் கற்பித்த வில்லியம் பக்லண்டுக்குப் போனது. யார்க்‌ஷயரின் கிர்க்டேல் குகை ஒரு காலத்தில் கழுதைப்புலிகளின் வளையாக இருந்தது என்று எலும்புகளைக் கொண்டே நிறுவி, அதற்காக ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் வாங்கிய கை அது. உலகில் உள்ள விலங்குகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சமைத்துத் தின்று பார்ப்பதாகப் பேர் வாங்கிய விசித்திர மனிதரும் அவர்தான். 1823 ஜனவரியில் அவர் பாவிலண்டுக்கு வந்தார்.

குகையின் ஓரத்தில், ஆழமில்லாத குழியில் எலும்புக்கூடு கிடந்தது. மண்டையோடு இல்லை, முதுகெலும்பு இல்லை. வலப்பக்க எலும்புகளில் பெரும்பகுதியும் இல்லை. எஞ்சியவை அனைத்தும் செங்காவி ஏறிச் செங்கல் நிறத்தில் இருந்தன. சுற்றியிருந்த மண்ணிலும் அந்தச் சாயம் இறங்கியிருந்தது. தொடையெலும்பின் அருகே, சட்டைப்பை இருக்கும் இடம் என்று பக்லண்ட் குறித்த இடத்தில், இரண்டு கைப்பிடி அளவுக்குச் சிறிய கடல் நத்தை ஓடுகள். விலா எலும்புகளை ஒட்டித் தந்தக் குச்சிகளின் துண்டுகள் நாற்பது ஐம்பது. கூடவே உடைந்த தந்த வளையங்கள். பக்கத்தில் ஒரு மாமதத்தின் தலை இருந்ததாகவும் அவர் எழுதிவைத்தார். அந்தத் தலை பிறகு தொலைந்துபோனது.

முதலில் அவர் நினைத்தது, கடத்தல்காரர்கள் கொன்று போட்ட சுங்க அதிகாரி என்று. கள்ளக்கடத்தலுக்குப் பேர்போன கரை அது. சில வாரங்களில் அதிகாரி பெண்ணாகிவிட்டார். அருகில் கிடந்த ஆட்டுத் தோள்பட்டை எலும்பைப் பார்த்துச் சூனியக்காரியாக இருக்கலாம் என்ற யோசனை வந்தது. கடைசியில், குகைக்கு மேலே பாறைமுனையில் இருந்த பழைய கோட்டையைக் காட்டி, ரோமானியர் காலத்தில் அந்தப் பாசறையை அண்டிப் பிழைத்த பெண் என்று முடித்தார். என்ன தொழில் செய்து பிழைத்தாள் என்பதை வாசகரின் ஊகத்துக்கு விட்டார். அந்தக் கோட்டை இரும்புக் காலத்தது என்று இன்று கருதப்படுகிறது.

அதே 1823இல் வெளியான 'ரெலிக்வியே டிலுவியானே' என்ற நூலில் இந்த விவரம் அச்சேறியது. விவிலியம் சொல்லும் பெருவெள்ளத்தின் எச்சங்களைப் பற்றிய நூல் அது. வெள்ளத்துக்கு முன் வாழ்ந்து அழிந்த யானையும் காண்டாமிருகமும் இருந்த நாட்டில் மனிதனும் இருந்தான் என்று ஒப்புக்கொள்ள அன்றைய புவியியலில் இடமில்லை; பாரிஸில் புதைபடிவ அறிஞர் குவியேயும் மனிதப் புதைபடிவம் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தந்தக் குச்சிகள் பக்லண்டைக் கொஞ்சம் உறுத்தின. தொட்டால் உதிரும் தந்தத்தை யாராலும் செதுக்க முடியாது. தந்தம் உறுதியாக இருந்தபோதுதான் இதைச் செய்திருக்க வேண்டும் என்பதை அவரே எழுதுகிறார். அது குகையில் கிடந்த மாமதத் தந்தம் என்பதும் அவருக்குத் தெரியும். சரியான விடைக்கு ஓரடி தூரம். அந்த அடியை அவர் வைக்கவில்லை. பிற்காலத்தவர் ஒருவர் வந்து பழைய தந்தத்தைப் பொறுக்கிச் செதுக்கிக்கொண்டார் என்று சொல்லி நகர்ந்துவிட்டார். இதை வைத்து அவரைக் கேலி செய்வது எளிது; ஆனால் எந்த எலும்பு எங்கே எப்படிக் கிடந்தது என்று அவர் அவ்வளவு துல்லியமாக எழுதிவைத்ததால்தான் பின்வந்தவர்களால் அவரைத் திருத்தவே முடிந்தது. பெருவெள்ளக் கோட்பாட்டை அவர் 1836க்குள் கைவிட்டார். 1840இல், பனியுகக் கருத்தை முன்வைத்த அகாசியோடு ஸ்காட்லாந்தில் சுற்றி அதையும் ஏற்றார். பாவிலண்டின் காலத்தை மட்டும் திருத்தவில்லை.

மனிதனின் தொன்மையை ஆங்கில அறிவியல் உலகம் ஏற்றது 1859இல், இங்கிலாந்தின் பிரிக்சம் குகையில் அழிந்த விலங்குகளோடு கற்கருவிகள் கிடைத்து, பிரான்சின் சோம் ஆற்றுப் படிவுகளிலும் அப்படியே கிடைத்ததை ஜோசஃப் பிரெஸ்ட்விச்சும் ஜான் எவன்சும் உறுதிசெய்த பிறகு. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியை அடையாளம் கண்டதும் அந்த அலையில்தான். 1868இல் பிரான்சின் குரோமாக்னன் பாறைத்தங்கலில் எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது பாவிலண்டுக்கு ஒரு சொந்தம் கிடைத்தது. பக்லண்ட் இருந்த அதே ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் சோலஸ் 1912இல் குகையை மறுபடி தோண்டினார். ஆயிரக்கணக்கான கற்கருவிகள் கிடைத்தன. எலும்புக்கூடு ஆண் என்றும், குரோமாக்னன் வகை என்றும், பழைய கற்காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்றும் அவர் அறிவித்தார். அதே ஆண்டு, இதே கரையில் உள்ள பேக்கன் ஹோல் குகையின் சிவப்புப் பட்டைகளைப் பழங்கால ஓவியம் என்று சோலசும் பிரெஞ்சுக் குகை ஓவிய ஆய்வாளர் ஆபே பிரயிலும் அறிவித்தார்கள்; அவை பாறையிலிருந்து இயற்கையாகக் கசிந்த நிறம் என்று பிறகு தெரிந்தது. கௌவரின் சிவப்பு, பேராசிரியர்களை இரண்டு தடவை ஏமாற்றியிருக்கிறது.

எண்ணால் காலம் சொல்லும் முயற்சி 1960களில் தொடங்கியது. முதல் கதிரியக்கக் கரிமச் சோதனை ஏறத்தாழ 18,000 ஆண்டு என்றது. பனிப்பாறைகள் இந்தக் கரையின் அருகே வரை வந்து நின்ற கடுங்குளிர்க் காலத்தை ஒட்டிய கணக்கு அது. அந்த வெறுமையில் யார் வந்து யாரைப் புதைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் தலையைச் சொறிந்தார்கள். அடுத்த சோதனை 26,000 என்றது. ரோஜர் ஜேக்கபியும் தாமஸ் ஹையமும் எலும்புப் புரதத்தை இன்னும் நுண்மையாகத் தூய்மைப்படுத்தி அளந்து 2008இல் வெளியிட்ட முடிவு 29,000 கரிம ஆண்டுகள். நாட்காட்டிக் கணக்கில் 33,000க்கும் மேல். எலும்பு மாறவில்லை, சோதனைதான் மாறியது. இவ்வளவு பழைய எலும்பில் அண்மைக்காலக் கரிமம் துளியூண்டு கலந்தாலும் வயது ஆயிரக்கணக்கில் குறைந்து காட்டும். புதிய காலத்தில் குளிர் அவ்வளவு கடுமையாக இல்லை. 18,000 எழுப்பிய புதிர் அதோடு தீர்ந்தது.

ஸ்டீஃபன் ஆல்ட்ஹவுஸ்-கிரீன் தொகுத்து 2000இல் வெளிவந்த விரிவான ஆய்வறிக்கையின்படி, இறந்தவனுக்கு வயது இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குள். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம் அளவில். மேலுடலிலும் கீழுடலிலும் காவியின் அடர்த்தி வேறுபடுவதால், மேலாடை, கீழாடை என இரண்டு துண்டாக உடுத்திப் புதைக்கப்பட்டான் என்றும், காவி அந்த ஆடையில் ஏற்றப்பட்டிருந்தது என்றும் கருத இடமிருக்கிறது. பக்லண்டின் 'சட்டைப்பை' நத்தைகள் இடுப்பில் தொங்கிய பையிலோ ஆடையில் தைத்தோ இருந்திருக்கலாம். தொலைவிலிருந்த கடலிலிருந்து யாரோ பொறுக்கி வந்தவை அவை. செங்காவி பூசிய அடக்கங்கள் ரஷ்யாவின் சுங்கிரிலும் ஆஸ்திரேலியாவின் முங்கோ ஏரியிலும் கூடக் கிடைத்திருப்பதால், பாவிலண்டை மட்டும் வைத்து அந்த நிறத்துக்கு ஒரே பொருள் கற்பிப்பது சரியாகாது.

இன்று குகையில் தோண்டுவதற்கு அதிகம் மிச்சமில்லை. பழைய தோண்டல்களும் அலைகளும் படிவைப் பெரும்பாலும் காலி செய்துவிட்டன. எலும்புகள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வேல்ஸுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. கார்டிஃப் தேசிய அருங்காட்சியகத்தின் நூற்றாண்டையொட்டி 2007இல் அவை இரவலாக அங்கே போய், காட்சி முடிந்ததும் ஆக்ஸ்ஃபோர்டுக்கே திரும்பின.