மூப்பர் என்னும் சொல்லும் முதியோர் என்னும் மக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருச்சபையின் ஊழியப் பெயர்களுள் 'மூப்பர்' என்பது மிகப் பழமையானது. ஆங்கிலத்தில் 'எல்டர்' என்றும், கிரேக்கத்தில் 'பிரெஸ்புத்தெரொஸ்' என்றும் வழங்கும் இச்சொல், முதற்கண் வயதைக் குறித்து, பின்னர்ப் பதவியைக் குறித்தது. இன்று நம் சபைகளில் அது பதவிப்பெயராக மட்டுமே எஞ்சி நிற்க, வயது முதிர்ந்தோரைச் சுட்ட வேறு சொற்கள் வந்துவிட்டன. இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதையும், கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி போன்ற ஓர் ஊரில் ஊழியம் செய்வோருக்கு அது எழுப்பும் வினா யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லின் பிறப்பு

எபிரெயத்தில் மூப்பரைக் குறிக்கும் 'சாக்கேன்' என்னும் சொல், தாடியைக் குறிக்கும் 'சாக்கான்' என்பதோடு உறவுடையது. நரைத்த தாடியே அறிவின் அடையாளமாயிற்று. கிரேக்கச் சொல்லோ ஒப்பீட்டு வடிவம். 'மற்றவரினும் மூத்தவர்' என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கில 'எல்டர்' என்பதும் 'ஓல்ட்' என்பதன் பழைய ஒப்பீட்டு வடிவமே. பொது வழக்கில் 'ஓல்டர்' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டபின், 'எல்டர்' குடும்பத்தில் உடன்பிறப்பு முறைக்கும், சமுதாயத்திலும் சபையிலும் தகுதிக்கும் ஒதுங்கிற்று. அதிலிருந்து பிறந்த 'எல்டர்லி' என்பதில் தகுதியின் சாயல் மறைந்து தளர்ச்சியின் சாயலே மிகுந்தது. ஒரே வேரினின்று கிளைத்த இரு சொற்களுள் ஒன்று மேலேறிற்று, மற்றொன்று கீழிறங்கிற்று.

கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக ஆங்கிலத்துள் நுழைந்து குறுகி, 'பிரீஸ்ட்' ஆயிற்று. பலி செலுத்தும் ஆசாரியனையும் அதே சொல் குறித்தமையால் குழப்பம் விளைந்தது. 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்லியம் டிண்டேல், இதைத் தவிர்க்கும்பொருட்டு 'சீனியர்' என்று மொழிபெயர்த்தார். தாமஸ் மோர் 1529இல் இதனைக் கடுமையாகத் தாக்கினார். 'சீனியர்' நல்ல ஆங்கிலமன்று என்பதை ஒப்புக்கொண்ட டிண்டேல், 1534ஆம் ஆண்டுப் பதிப்பில் 'எல்டர்' என மாற்றினார். ஆனால் 'பிரீஸ்ட்' என்பதற்குத் திரும்பவில்லை. குருத்துவம் இன்னதென்பதே அவர்களுக்கிடையே நிகழ்ந்த வாதம். சொல் அதன் போர்க்களமாயிற்று.

2. தமிழ்த் திருமறையில் மூப்பர்

தமிழில் 'மூ' என்னும் வேரினின்று மூப்பு, மூத்தோர், மூதூர், முதுமை எனப் பல சொற்கள் கிளைத்துள்ளன. 'மூப்பன்' என்பது தலைவனையும் குறித்தது. மலைவாழ் மக்களிடையே ஊர்த்தலைவனுக்கு இப்பெயர் கேரளத்தில் இன்றும் உண்டு. வயது, தலைமை ஆகிய இரு பொருள்களையும் ஒருங்கே தாங்கும் இத்தகைய சொல் மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைத்தது ஒரு பேறு.

எனினும் தமிழ் வேதாகமம் ஒரு வேறுபாட்டைப் புகுத்தியது. கெட்ட குமாரன் உவமையில் மூத்த குமாரனைக் குறிக்கும் சொல்லும் (லூக். 15:25), தீமோத்தேயு கடிந்துகொள்ளலாகாத முதியவரைக் குறிக்கும் சொல்லும் (1 தீமோ. 5:1), சபையை விசாரிப்போரைக் குறிக்கும் சொல்லும் (1 தீமோ. 5:17) கிரேக்கத்தில் ஒன்றே. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதல் இம்மூன்றிடத்தும் 'எல்டர்' என்றே வைத்தது. நாம் பயிலும் பழைய திருப்புதலோ முதலாவதை 'மூத்த' என்றும், இரண்டாவதை 'முதிர்வயதுள்ளவன்' என்றும், மூன்றாவதை 'மூப்பர்' என்றும் பிரித்தது. தெளிவுக்கு இது உதவியது உண்மையே. ஆயினும் சபைத் தலைமையும் முதியவர் மதிப்பும் ஒரே சொல்லில் பிணைந்திருந்தன என்பதைத் தமிழ் வாசகர் காண இயலாமற்போயிற்று. 1 தீமோ. 5:2இல் முதிய பெண்டிரைக் குறிப்பதும் அச்சொல்லின் பெண்பால் வடிவமே என்பதும் அவ்வாறே மறைந்தது.

3. மதுரை நாட்டுச் சபைகளில்

ஜெனீவாவில் கால்வின் 1541இல் வகுத்த சபை ஒழுங்கு போதகர், போதனாசிரியர், மூப்பர், உதவிக்காரர் என நால்வகை ஊழியத்தைக் கூறிற்று. அம்மரபில் வந்த ஆர்க்காட்டு மிஷன் சபைகளில் மூப்பர் என்பது குருப்பட்டம் பெறாத சபையாரின் பதவியாயிற்று. ஆங்கிலிக்கன் மரபில் வந்த திருநெல்வேலியில் 'குரு' என்னும் சொல்லே நிலைத்தது. யாழ்ப்பாணத்தினின்று 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் பெரும்பாலும் சபையாட்சி மரபினர். அவர்தம் ஒழுங்கில் போதகரும் உதவிக்காரரும் சிறப்பிடம் பெற்றனர். இம்மிஷனின் பணியெல்லையுள் கம்பம் பள்ளத்தாக்கும் அடங்கியிருந்தது. ஆனால் சிற்றூர்களில் நாள்தோறும் ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, நோயாளிகளைச் சந்தித்தவர் உபதேசியாரே. அவர் மிஷனால் அனுப்பப்பட்டு ஊதியம் பெற்றவர். ஊராரால் தெரிந்துகொள்ளப்பட்ட மூப்பரல்லர்.

1912இல் ரோலண்ட் ஆலன் எழுதிய நூல் இந்நிலையையே கேள்விக்குட்படுத்தியது. பவுல் சென்ற ஊர்தோறும் உள்ளூராரையே மூப்பராக ஏற்படுத்திச் சென்றாரே (அப். 14:23), நாம் ஏன் அவ்வாறு செய்வதில்லை என்பதே அவர் வினா. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதற் பேராயரான லெஸ்லி நியூபிகின், ஆலனின் கருத்துகளைப் போற்றியவர். அவர் ஸ்காத்லாந்துப் பிரெஸ்பித்தேரியர். மூப்பர் ஆட்சி மரபினர் பேராயரானது பலருக்கும் புதுமையாய்த் தோன்றிற்று. அப்போது அவருக்கு வயது 37. 1912இல் பேராயரான வே. ச. அசரியாவுக்கு வயது 38. மூப்பு என்பது ஆண்டுக்கணக்கன்று என்பதற்கு இவர்கள் சான்று. ஐக்கிய சபை தன் குருமாருக்கு ஆங்கிலத்தில் 'பிரெஸ்பிட்டர்' என்னும் பெயரையே தெரிந்துகொண்டது. தமிழிலோ குருவானவர், ஆயர், போதகர் என்பவையே வழங்கின. 'மூப்பர்' பிரதரன் சபைகளிலும் பிற சுயாதீன சபைகளிலும் நிலைத்தது.

4. ஊர்ப் பெரியவரும் சபை மூப்பரும்

சிற்றூரில் 'பெரியவர்' எனப்படுபவர் யார்? வயது மட்டும் ஒருவரைப் பெரியவராக்குவதில்லை. 921ஆம் ஆண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்துக்குத் தெரிந்தெடுக்கப்படுவோர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருக்கவேண்டுமென விதித்தது. அதனோடு நிலம், சொந்த மனை, வேதக் கல்வி ஆகியவற்றையும் கேட்டது. அது பிராமண ஊரின் சபை. பிற ஊர்களிலும் நாட்டாமை, அம்பலம், பெரியதனம் ஆகிய பதவிகள் குலத்தையும் நிலத்தையும் சார்ந்தே நின்றன. சேரியில் எழுபது வயது நிரம்பியவரை ஊர்த்தெருவின் இளைஞன் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்த வழக்கு நம் சமுதாய வரலாற்றின் கறை.

இந்நிலையில் ஒடுக்கப்பட்டோர் மிகுந்த ஒரு சபை தன்னுள் ஒருவரை மூப்பர் என அழைப்பது சிறு செயலன்று. ஊர்க்கூட்டத்தில் அமர இடம் பெறாதவருக்கு ஆண்டவருடைய வீட்டில் விசாரிப்புப் பணி அளிக்கப்படுகிறது. ஆனால் நிலமும் குலமும் உடையவரையே சபையும் தெரிந்துகொள்ளுமாயின், மூப்பர் என்பது பெரியதனத்தின் மறுபெயராகிவிடும். தென்னிந்தியத் திருச்சபை 1976இல் முதன்முதலாகப் பெண்ணொருவருக்குக் குருப்பட்டம் வழங்கியதையும் இவ்வொளியில் காணவேண்டும்.

5. முதியோர் நிலை

பதவிப்பெயராய் மூப்பர் உயர்ந்திருக்க, முதியோர் எந்நிலையில் உள்ளனர்? 1930களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய 'சீனியர் சிட்டிசன்' என்னும் தொடர் 'மூத்த குடிமக்கள்' என நம்மிடம் வந்தது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 60 வயது நிறைந்த இந்தியக் குடிமக்களை இப்பெயரால் சுட்டி, பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமையை அளித்தது. டிண்டேல் கைவிட்ட 'சீனியர்' சட்டநூலில் மீண்டும் எழுந்தது! அதற்கு முன்னரே, 1962இல், சென்னை மாநிலம் ஆதரவற்ற முதியோருக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியிருந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 10.4 விழுக்காட்டினர் 60 வயது கடந்தோர். நாட்டின் சராசரியோ 8.6.

சட்டம் தேவைப்பட்டதே நம் நிலையைக் காட்டுகிறது. தென்மாவட்டங்களில் தளர்ந்த முதியோரைத் 'தலைக்கூத்தல்' என்னும் பெயரால் குளிர்ந்த எண்ணெய் முழுக்காட்டி மாளச்செய்யும் வழக்கம் 2010இல் விருதுநகர்ப் பகுதியினின்று நாளேடுகளில் வெளிவந்தது. 'பெரியவர்' என்று வணங்கும் நாவும் இக்கையும் ஒரே சமுதாயத்தினுடையவை.

சுருளிப்பட்டியைச் சூழ்ந்த திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்து கை ஓய்ந்தவர்க்கு நிலமும் இல்லை, ஓய்வுக்கால வைப்புநிதியும் இல்லை. உழைக்கும் கையையே மதிப்பின் அளவாகக் கொள்ளும் சமுதாயத்தில் அவர் 'பாரம்' ஆகிறார். தம் பெயரால் வழங்கும் பதவியுடைய சபையிலேனும் அவருக்கு இடமுண்டா?

முடிவுரை

ஆதிச்சபை வயதுக்கும் தலைமைக்கும் ஒரே சொல்லை வழங்கியது மொழி வறுமையாலன்று. ஆண்டவரின் செயல்களை நினைவில் தாங்கி, அடுத்த தலைமுறைக்குச் சாட்சி பகர்பவரே மூப்பர் என்பது அதன் உட்கிடை. தீமோத்தேயுவின் இளமையை ஒருவரும் அசட்டைபண்ணலாகாது என்ற அதே நிருபம் (1 தீமோ. 4:12), முதியவரைத் தகப்பனைப்போல நடத்தக் கற்பிக்கிறது. இளைஞர் மூப்பராகலாம்; ஆனால் முதியோரைப் புறக்கணிக்கும் சபையில் மூப்பர் என்னும் பட்டம் பொருளற்ற ஒலியே.

எனவே சேகரங்களில் பணியாற்றும் நாம் மூன்றினைச் செய்யலாம். வேதபாடத்தில் மேற்கண்ட பகுதிகளை ஒருங்கே வைத்துக் கற்பிக்கலாம். குலமும் நிலமும் பாராது, நினைவும் சாட்சியும் உடையோரை, ஆணாயினும் பெண்ணாயினும், சபை விசாரிப்பில் அமர்த்தலாம். ஓய்வூதிய மனு எழுத இயலாத முதியவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதனை எழுதிக்கொடுக்கலாம். பிரெஸ்பிட்டர் என்னும் பட்டத்தை ஏற்றவர் அத்திண்ணையில் அமரும்போது, பிரிந்துபோன அச்சொல்லின் இரு பொருள்களும் மீண்டும் ஒன்றுசேரும்.