முழக்கோலும் கையெழுத்தும்

‘மாமா, பி.ஆர்க். சேரவா, சிவில் சேரவா, இல்ல மாமல்லபுரத்துக்கே போயிடவா?’

பிளஸ் டூ முடித்த அக்கா மகளின் கேள்வி இது. சாதாரணக் கேள்விதான். ஆனால் அவள் தாத்தா, அதாவது என் அப்பா, கொத்தனார். வெறுந்தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டே முழு வீட்டையும் காட்டிவிடுவார். அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் மட்டும் அவர் கையெழுத்து செல்லாது. டவுனில் ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கிவர வேண்டும். ‘வீடு நான் கட்டுறேன், பேரு அவரு போடுறாரு’ என்பார். மூன்று கதவுகளில் எதைத் தட்டுவது என்று சொல்வதற்கு முன், கதவுகளை வைத்தது யார் என்று பார்த்துவிடலாம்.

கையும் எழுத்தும் பிரிந்து கிடந்தது வெள்ளைக்காரன் வந்த பிறகு மட்டும் நடந்ததல்ல. தஞ்சையைச் சேர்ந்த ராம் ராஸ் சிற்பநூல்களைத் தேடிப் படித்து ஆங்கிலத்தில் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1834இல் லண்டனில் வெளியானது. சமஸ்கிருதம் அறிந்த பண்டிதருக்கு அந்நூல்களின் தொழிற்சொல் விளங்கவில்லை. தொழில் அறிந்தவருக்கோ பிரதி எட்டவில்லை. தஞ்சைக் கம்மாளச் சிற்பி ஒருவரின் துணையோடுதான் ராம் ராஸ் அந்த முடிச்சை அவிழ்த்தார். அட்டையில் இருப்பது ராம் ராஸின் பெயர்.

காலனியம் இந்தப் பிளவுக்கு நிறுவன வடிவம் கொடுத்தது. சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் கலைப்பள்ளி தொடங்கினார். பம்பாயில் ஜே.ஜே. பள்ளி 1857இல் வந்தது. 1879இல் முடிந்த சென்னை செனட் ஹவுஸ் ராபர்ட் சிஸம் பெயரில் நிற்கிறது. இங்கத்திய கைவினை அதில் அலங்காரமாக இடம்பெற்றது, வடிவமைப்பது அவர் வேலை. ஜே.ஜே.யில் கட்டடக்கலை வகுப்பே வரைவாளர்களைப் பயிற்றுவிக்கத்தான் முதலில் வந்தது. ஆக, இந்தியனுக்கு முதலில் போட்ட நாற்காலி அடுத்தவன் யோசித்ததை வரைகிற நாற்காலி. அறிவும் அதிகாரமும் பற்றி ஃபூக்கோவைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? என் அப்பாவைக் கேட்டாலே சொல்லியிருப்பார்.

1957இல் இரண்டு கதவுகள் திறந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் துறை. மாமல்லபுரத்தில் வைத்தியநாத ஸ்தபதியின் பொறுப்பில் அரசின் சிற்பப் பயிற்சி மையம். ஒன்று ‘நவீனம்’, மற்றது ‘மரபு’ என்று ஒரே ஆண்டில் பாகப்பிரிவினை நடந்ததுபோல இருக்கிறது. இரண்டாவதை நம்முடையது என்று கொண்டாடிவிடுவதும் சுலபம். ஆனால் ஸ்தபதி அறிவு தகப்பனிடமிருந்து மகனுக்கு, அதுவும் ஒரு சாதிக்குள் போன அறிவு. மகளுக்குப் போகவில்லை. கொத்தனாரான என் அப்பாவுக்கும் வந்திருக்காது. அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்ததில் உள்ள ஜனநாயகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கையெழுத்துக்குச் சட்டத்தின் காவல் வந்தது 1972இல். ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் அந்த செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் அட்டவணையில் உள்ள பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். பட்டம் இல்லாவிட்டாலும் அதற்கு முன் ஐந்தாண்டு ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்தவர்கள் முதல் பதிவேட்டில் இடம் கேட்கலாம் என்று ஒரு சந்தும் வைத்தார்கள். ஆனால் தன்னை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று எந்தக் கொத்தனார் சொல்லிக்கொண்டார்? 2020இல் உச்சநீதிமன்றம், 37ஆம் பிரிவு காப்பது பெயரைத்தான், தொழிலை அல்ல என்று தீர்ப்பளித்தது. வடிவமைக்க யாருக்கும் தடையில்லை. பெயர்தான் காவலில் இருக்கிறது. அப்பா சொன்னதும் அதுதானே!

பி.ஆர்க். ஐந்து வருஷம். பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். 2006இலிருந்து நாட்டா தேர்வு வேறு. அதற்குத் தனிப் பயிற்சி, அதற்குத் தனிக் காசு. அரசுக் கல்லூரி கிடைக்காவிட்டால் கடன்தான். இந்தப் பக்கம் இப்படி என்றால் கட்டுமிடத்தின் பக்கம் இன்னொரு பூட்டு. பொம்பளை என்றால் அங்கே சித்தாள். என் அம்மா இருபது வருஷம் சாந்துச் சட்டி சுமந்தாள். கரண்டியை அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை. அப்பாவும் கொடுக்கவில்லை. இதை எழுதாமல் அப்பாவின் குறையை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது.

அதனால் அக்கா மகளிடம் சொன்னேன்: ‘பி.ஆர்க். சேரு. எந்தக் கல்லூரியானாலும் அதோட பட்டம் அட்டவணையில இருக்கான்னு மொதல்ல பாரு. கல்லுதான் புடிச்சிருக்குன்னா மாமல்லபுரம் போ, ஆனா முடிச்சா என்ன பேரு போட்டுக்கலாம்னு சேரறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோ. சிவில் நாலு வருஷத்துல வேலை தரும். அது தப்பில்ல, ஆனா அது கணக்குப் பாக்குற படிப்பு, நீ இடத்தை யோசிக்கிறவ.’

அவள் கொஞ்சநேரம் தாத்தாவின் முழக்கோலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: ‘பிளான்ல ஓனர் கையெழுத்துக்கு எடமிருக்கு, எஞ்சினியருக்கு எடமிருக்கு. கட்டுறவங்க பேரை எங்க மாமா எழுதறது?’

அந்தக் கேள்விக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் இன்னும் தாள் இல்லை. அவள் போய் எழுதட்டும்.