மண் சுமந்த மேனியர்: ஊர்களுக்குப் போன அரங்கு

1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழு 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை மேடையேற்றியது. எழுதியவர் குழந்தை ம. சண்முகலிங்கம்; நெறிப்படுத்தியவர் க. சிதம்பரநாதன். பல்கலைக்கழக மண்டபத்தோடு நின்றுவிடாமல் குடாநாட்டின் ஊர்களுக்கும் அது போயிற்று. ஈழத்துத் தமிழ் அரங்கில் அதற்கு நிகராக மக்களைத் தொட்ட நாடகங்கள் மிகச் சில.

இதற்கான நிலம் முன்பே பண்பட்டிருந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் வெடித்தது. அந்தச் சூழலில், சாதிக் கொடுமையை எதிர்த்த 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் குழு காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடியது. ஊருக்குப் பழகிய மெட்டிலேயே ஊரின் அநீதியைச் சொல்லலாம் என்பதை அந்த ஆற்றுகை காட்டியது. கொழும்பில் நாடக டிப்ளோமா பெற்றுத் திரும்பிய சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அ. தாசீசியஸ் போன்ற நெறியாளர்கள் அங்கே இளையோரைப் பயிற்றினர். நாடகம் பொழுதுபோக்கு என்ற எண்ணம் மாறி, முறையாகக் கற்க வேண்டிய கலை என்ற மதிப்பு யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது இந்தக் கல்லூரியால்தான்.

பிறகு வந்தவை 1981இல் யாழ்ப்பாண நூலக எரிப்பு, 1983 யூலைக் கலவரம், அதைத் தொடர்ந்த சுற்றிவளைப்புகள். வீட்டை விட்டுப் போன பிள்ளை திரும்புவானா என்று படலையைப் பார்த்திருந்த தாய்மாரின் காலம் அது. அந்தத் தவிப்பைத்தான் நாடகம் மேடைக்குக் கொண்டுவந்தது.

தலைப்பிலேயே ஓர் ஆழம் உண்டு. பிட்டுக்கு மண் சுமந்த சிவனின் கதை யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பாண்டியன் அடித்த பிரம்படி சிவனின் முதுகில் மட்டும் விழவில்லை, உலகத்து உயிர்கள் அனைத்தின் மேலும் பட்டது. ஒருவர் பட்ட அடி எல்லோர் மேலும் பட்ட அந்த நாட்களில், இந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. சொல்முறையும் அதற்கு இசைந்தது. வீட்டுக் கூடத்தை அப்படியே மேடையில் கட்டிவைக்கும் இயற்பண்பு நாடகமாக அது அமையவில்லை. உரைஞர் குழுவும் பாடலும் அசைவும் கதையை நகர்த்திய மோடிமை நாடகம் அது. பார்வையாளர் அதில் தங்கள் வீட்டையே கண்டனர்.

ஏறத்தாழ அதே காலப்பகுதியில் பிரேசிலின் அகுஸ்தோ போவால் 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்ற முறையை வளர்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பவர் வாயடைத்து இருக்கக் கூடாது, செயற்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. சிதம்பரநாதனின் பிற்காலப் பணியும் அந்தத் திசையிலேயே சென்றது. அவருடைய அரங்க செயற்பாட்டுக் குழு, நடிப்பவர், பார்ப்பவர் என்ற பிரிவைக் கலைத்து மக்களையே பங்குகொள்ளச் செய்தது.

சண்முகலிங்கம் 1991இல் 'அன்னை இட்ட தீ'யில் போர் மனங்களில் விட்ட காயங்களைக் கையாண்டார். பிள்ளைகள் வெளிநாடு போனபின் தனித்துவிடப்பட்ட முதியோரின் நிலையை 'எந்தையும் தாயும்' சொன்னது. ஒரு சமூகத்தின் துயரை அது நடந்துகொண்டிருக்கும்போதே இவ்வளவு தொடர்ச்சியாக எழுதிய தமிழ் நாடகாசிரியர் வேறொருவரைக் காட்டுவது கடினம். நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதிய அவர் 2025 சனவரியில் காலமானார். அவர் வளர்த்த நாடகக் கல்வி இன்று 'நாடகமும் அரங்கியலும்' என்ற பாடமாக இலங்கைப் பாடசாலைகளில் கற்பிக்கப்படுகிறது.