குன்னூர் தேயிலை ஏலம்: சுத்தியல் முதல் மென்பொருள் வரை

நீலகிரி மாவட்டத்தில் குன்னூர் ஏல மையத்தின் தேயிலை விற்பனை வாரந்தோறும் வியாழன், வெள்ளி ஆகிய இரு நாட்களில் நடைபெறுகிறது. 1963ஆம் ஆண்டு தொடங்கிய இந்த ஏலம், முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏலம் விடுபவரின் குரலையும் கையிலிருந்த சுத்தியலையும் நம்பியிருந்தது. இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அது படிப்படியாகக் கணினித் திரைக்கு இடம் மாறியது. இந்த மாற்றம் பெரும்பாலும் வேகம், சிக்கனம், வெளிப்படைத்தன்மை ஆகியவற்றின் வெற்றியாகவே பேசப்படுகிறது. ஆனால் ஏலத்தின் நீண்ட வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் வேறொரு செய்தி புலப்படுகிறது: விலையைக் கண்டறியும் எந்த முறையும், அது மெழுகுவர்த்தியானாலும் மென்பொருளானாலும், தன் விதிகளின் வழியாக யாரோ ஒருவருக்குச் சாதகமாகவும் வேறொருவருக்குப் பாதகமாகவும் அமைகிறது. ஆகவே அவ்விதிகளை எழுதுவோர் யார், அவை யாருக்குத் தெரியும் என்பதே இங்கு அறம் சார்ந்த முதற்கேள்வியாகிறது.

தேயிலையை ஏலத்தில் விற்கும் வழக்கம் இந்தியாவில் தேயிலை பயிராவதற்கு வெகுகாலம் முன்பே லண்டனில் வேரூன்றியது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி தான் இறக்குமதி செய்த சீனத் தேயிலையை மெழுகுவர்த்தி ஏலம் என்ற முறையில் விற்றது. சிறு மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை ஏற்றி வைத்து, அது அணையும் கணத்துக்கு முன் கடைசியாக விலை கேட்டவருக்கே சரக்கு என்று முடிவு செய்வதே அம்முறை. அதே காலத்தில் ஆங்கிலேயக் கடற்படை அலுவலகத்தில் பணிபுரிந்த சாமுவேல் பெப்பீஸ், 1662ஆம் ஆண்டு பழைய கப்பல்கள் இவ்வாறு ஏலம் போனதைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். சுடர் அணையும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்குவதைக் கவனித்து வைத்திருந்த ஒருவர், அந்தக் கணம் பார்த்து விலை கேட்டு மற்றவர்களை முந்தியதாக அவர் எழுதுகிறார். ஏலம் எப்படி முடிய வேண்டும் என்ற விதி எங்கு நிலையாக இருக்கிறதோ, அங்கு அந்த முடிவைக் கணிக்கத் தெரிந்தவருக்கு அனுகூலம் பிறந்துவிடுகிறது என்பதற்கு இது பழமையான சான்றுகளுள் ஒன்று.

தமிழகத்தின் சந்தைகளிலும் கோயில் ஏலங்களிலும் வழங்கும் ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்ற முறை இந்தச் சிக்கலுக்கு எளிய விடையாக அமைந்திருக்கிறது. எண்ணிக்கை மூன்றை எட்டுவதற்குள் யாரேனும் கூடுதல் விலை கேட்டால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆகவே கடைசிக் கணத்தில் நுழைந்து ஏமாற்ற வழியில்லை. இதே வேறுபாட்டை இணைய காலத்தில் பொருளியல் அறிஞர்கள் ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கென்ஃபெல்ஸ் ஆகியோர் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் மீண்டும் கண்டனர். குறித்த நேரத்தில் முடிந்துவிடும் ஈபே தளத்தின் ஏலங்களில் கடைசி நொடி விலைக் கேள்விகள் குவிந்தன. புதிய கேள்வி வந்தால் நேரத்தை நீட்டித்த அமேசான் தளத்தின் ஏலங்களில் அவை மிகக் குறைவாக இருந்தன. வாங்குவோரின் நடத்தையை வேறுபடுத்தியது முடிவு விதியே என்பது அவ்வறிஞர்களின் வாதம்.

கம்பெனியின் சீன வணிக ஏகபோகம் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தபின், லண்டனில் மின்சிங் லேன் என்ற தெரு தேயிலை வணிகத்தின் மையமாயிற்று. அசாமில் விளைந்த தேயிலை முதன்முதலாக 1839ஆம் ஆண்டு லண்டனில் ஏலம் போனது. இந்திய மண்ணில் முதல் தேயிலை ஏலம் 1861 டிசம்பரில் கொல்கத்தாவில் நடைபெற, கொழும்பு ஏலம் 1883இல் தொடங்கியது. நீலகிரியைப் பொறுத்தவரை, 1830களில் கேத்தி பரிசோதனைத் தோட்டத்தில் நடப்பட்ட தேயிலை, 1860களுக்குப் பிறகே வணிகப் பயிராக வளர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான மலை ரயில் பாதை 1899இல் திறக்கப்பட்டபின் தோட்டச் சரக்கு சமவெளிக்கும் துறைமுகத்துக்கும் இறங்குவது எளிதாயிற்று. ஆயினும் தென்னிந்தியத் தேயிலைக்கென்று உள்நாட்டு ஏலம் 1947இல்தான், அதுவும் கொச்சியில்தான் அமைந்தது.

குன்னூருக்குத் தனி ஏலம் தேவைப்பட்டதற்கு மலையின் உற்பத்தி முறையில் ஏற்பட்ட மாறுதல் முக்கியக் காரணம். விடுதலைக்குப் பின்னான ஆண்டுகளில் படகர் சமூகத்தினரும் பிறருமான சிறு விவசாயிகள் உருளைக்கிழங்கு, காய்கறி பயிரிட்ட நிலங்களில் தேயிலையை நடத் தொடங்கினர். சொந்தத் தொழிற்சாலை இல்லாத இவர்கள் பறித்த பசுந்தேயிலையை விலைக்கு வாங்கிப் பதப்படுத்தும் ‘பாட் லீஃப்’ தொழிற்சாலைகள் தோன்றின. 1960களில் விவசாயிகளே உறுப்பினர்களாக உள்ள கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் அவற்றின் தலைமை இணையமான இண்ட்கோசர்வும் உருவாயின. தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்களின் அமைப்பான உபாசியும் தேயிலை வாரியத்தின் தென்னிந்திய அலுவலகமும் குன்னூரிலேயே இருந்ததால், சிறு தொழிற்சாலைகளின் சரக்கு கொச்சி வரை போகாமல் மலையிலேயே விலை காண இவ்வூர் இயல்பான இடமாயிற்று.

பழைய முறையில் ஒரு சரக்கு விலையாவதற்குள் கடந்துவந்த படிகள் பல. தொழிற்சாலை தன் தேயிலையை இலை ரகம், டஸ்ட் எனப்படும் தூள் ரகம் என்று சல்லடையால் பிரித்து, ஒரே தரமுள்ள மூட்டைகளை ஒரு தொகுதியாக்கி, அதாவது ஒரு ‘லாட்’ ஆக்கி, கிடங்குக்கு அனுப்பும். விற்பவர் சார்பில் செயல்படும் தரகர் நிறுவனம் அந்த லாட்டிலிருந்து மாதிரிகள் எடுத்து, பட்டியல் அச்சிட்டு, பதிவு பெற்ற வாங்குவோருக்கு முன்கூட்டியே அனுப்பும். சுவை பார்ப்பவரின் மேசையில் மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் குவளைகள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றிலும் ஒரே எடையில் தேயிலை இட்டுக் கொதிநீர் ஊற்றி, சில நிமிடம் ஊறியபின் வடிநீரைக் கிண்ணத்தில் இறக்கி, ஊறிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து வைப்பர். காய்ந்த இலையின் தோற்றம், ஊறிய இலையின் நிறம், வடிநீரின் சுவை ஆகிய மூன்றையும் பார்த்து, கரண்டியில் ஓசையுடன் உறிஞ்சித் துப்பிவிட்டு, அவர் ஒரு மதிப்பு விலை சொல்வார். தமிழக, கேரள டீக்கடைகளுக்குப் போகும் தூள் ரகத்தில் நிறமும் கடுப்பும் தேடப்பட்டன. ஏற்றுமதிக்குப் போகும் இலை ரகத்தில் மணம் தேடப்பட்டது.

ஏலக்கூடத்தில் தரகர் மேடையிலிருந்து லாட் எண்ணை அறிவிக்க, எதிரே அமர்ந்த வாங்குவோர் குரலாலோ சைகையாலோ விலை கேட்க, சுத்தியல் விழுந்ததும் விற்பனை முடிந்தது. ஒரு லாட் விலைபோகும் சிறு நேரத்துக்குள் யார் கேட்கிறார், யார் பின்வாங்குகிறார், யார் யாருடைய முகத்தைப் பார்க்கிறார் என்பது கூடத்தில் உள்ள அனைவருக்கும் தெரிந்தது. பெரிய லாட்டை இரண்டு மூன்று பேர் அங்கேயே பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்ததால், மொத்த லாட்டை எடுக்க முடியாத சிறு வணிகருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் அதே பங்கீடு, போட்டியிட வேண்டியவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு விலையை அழுத்துகிறார்களோ என்ற ஐயத்துக்கும் இடமளித்தது. கண்முன் நடந்த ஏலம் எல்லாவற்றையும் வெளிப்படையாக்கியது போலத் தோன்றினாலும், கூடத்துக்குள் நுழையும் உரிமை பதிவு பெற்ற சிலருக்கு மட்டுமே இருந்தது. பசுந்தேயிலை பறித்த விவசாயி அங்கு இல்லை.

1990களின் இறுதியில் இந்த விவசாயியின் நிலை பெரும் சிக்கலுக்குள்ளானது. நீலகிரித் தேயிலையைப் பெருமளவு வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் 1991இல் சிதைந்திருந்தது. பிற நாடுகளின் மலிவான தேயிலை உலகச் சந்தையில் பெருகியது. 1998க்குப் பின் குன்னூர் ஏல விலை சரிந்தபோது பசுந்தேயிலை விலையும் கூடவே சரிய, மலையெங்கும் விவசாயிகள் போராட்டங்களில் இறங்கினர். இதன் தொடர்ச்சியாக 2003ஆம் ஆண்டு மத்திய அரசு பிறப்பித்த தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணை, சிறு விவசாயிக்கும் பாட் லீஃப் தொழிற்சாலைக்கும் இடையே விலைப் பங்கீட்டைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. பின்னர் அப்பங்கீடு விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்ற விகிதத்தில் அமைந்தது.

இந்த விகிதம் செயல்படும் விதத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 100 கிலோ பசுந்தேயிலையிலிருந்து 22 கிலோ தூள் கிடைப்பதாகவும், ஏலச் சராசரி கிலோவுக்கு 100 ரூபாய் என்றும் கொண்டால், விவசாயிக்குச் சேர வேண்டியது 1,430 ரூபாய். அதாவது கிலோ பசுந்தேயிலைக்கு 14 ரூபாய் 30 காசு. ஏலச் சராசரி 10 ரூபாய் குறைந்தால் அது 12 ரூபாய் 87 காசாகிவிடும். பறித்த கொழுந்து சில மணி நேரத்துக்குள் தொழிற்சாலை சேராவிட்டால் கெட்டுவிடும் என்பதால், விலை பிடிக்கவில்லை என்று விவசாயி அதைத் தேக்கி வைக்க முடியாது. ஏலத்தில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவரின் வருவாய், ஏலத்தின் சராசரியோடு கணித வாய்பாடு ஒன்றால் கட்டப்பட்டுவிட்டது. அந்தச் சராசரி எப்படிப் பிறக்கிறது என்பது இதன்பின் தரகர்களுக்கும் வணிகர்களுக்கும் மட்டும் உரிய விவகாரமாக இருக்க முடியாது.

ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான் கணினி ஏலக்கூடத்துக்குள் வந்தது. கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் சரக்கை விற்கக் குன்னூரிலேயே அமைந்த டீசர்வ் என்ற மையம், நாட்டில் தேயிலையை மின்னணு முறையில் ஏலமிட்ட முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. அதன்பின் தேயிலை வாரியம் 2008-09 காலத்தில் என்எஸ்இ.ஐடி நிறுவனம் உருவாக்கிய மென்பொருளை நாட்டின் ஏல மையங்களில் பரப்பியது. 2016இல் எந்த மையத்தின் வணிகரும் பிற மையங்களில் வாங்க இடமளிக்கும் அகில இந்திய ஏலம் வந்தது. அடுத்த கட்டத்தில் மென்பொருளை நடத்தும் பொறுப்பு எம்ஜங்ஷன் நிறுவனத்துக்குச் சென்றது.

திரையில் நடக்கும் ஏலம் பழைய கூடத்தின் நகல் அல்ல. குறித்த நேரப் பகுதிக்குள் பல லாட்டுகள் ஒன்றாகத் திறந்திருக்க, வாங்குபவர் தம் அலுவலகத்திலிருந்தே விலை பதிகிறார். எதிரில் கேட்பவரின் பெயர் அவருக்குத் தெரிவதில்லை. பெயர் மறைவதால் செல்வாக்குள்ள வணிகரைக் கண்டு பிறர் ஒதுங்குவது குறைகிறது. வெளியூர் வணிகர் குன்னூர் வராமலே வாங்க முடிகிறது. ஒவ்வொரு கேள்வியும் நேரத்தோடு பதிவாவதால் தணிக்கைக்கு ஆதாரம் கிடைக்கிறது. இவை உண்மையான நன்மைகள். மறுபுறம், பங்கிட்டு வாங்குவதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் சிறு வணிகரைப் பாதிக்கும் என்ற குறை எழுந்தது. தரகர் மேடையிலிருந்து சரக்கின் சிறப்பைச் சொல்லிக் கேள்வியைத் தூண்டிய கலையும் மங்கியது.

முறையின் உட்கூறுகளில் செய்யப்படும் சிறு திருத்தம் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு ‘பாரத் ஏலம்’ சிறந்த எடுத்துக்காட்டு. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் பரிந்துரையை ஒட்டித் தேயிலை வாரியம் இந்தப் பத்தாண்டின் தொடக்க ஆண்டுகளில் அறிமுகப்படுத்திய இம்முறை, ஜப்பானிய ஏலம் எனப்படும் வகையைத் தழுவியது. வழக்கமான ஆங்கிலேய ஏலத்தில் வாங்குபவர் தாமே விலையை உயர்த்திக் கேட்கிறார். விரும்பும்போது நுழையவும் காத்திருந்து கடைசியில் வரவும் முடியும். ஜப்பானிய வகையில் விலையைக் கணினியே படிப்படியாக ஏற்றுகிறது. வாங்குபவர் தொடக்கத்திலேயே கலந்துகொண்டு, விலை கட்டுப்படியாகாதபோது விலக வேண்டும். விலகியவர் அந்த லாட்டுக்குத் திரும்ப முடியாது. கடைசிக் கணம் வரை காத்திருக்கும் தந்திரத்தை இது அடைத்துவிடுகிறது. ஆயினும் வரவேற்பு ஒருமுகமாக இருக்கவில்லை. பல லாட்டுகளை ஒப்பிட்டு வாங்கிப் பழகிய வணிகர்கள் தங்கள் தேர்வுச் சுதந்திரம் குறுகுவதாக எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே தேயிலை, அதே வாங்குவோர், அதே விவசாயி என்றிருக்க, மாறியது நிரலில் எழுதப்பட்ட சில வரிகளே. ஆனால் பேரம் பேசும் ஆற்றல் அவற்றால் இடம் மாறியது.

இங்கிருந்து மூன்று கேள்விகள் எழுகின்றன. முதலாவது, விதிகளைப் பற்றியது: சுத்தியல் காலத்தில் விதி கூடத்தில் இருந்த அனைவர் கண்ணுக்கும் தெரிந்தது, மென்பொருளில் விலைப் படியின் அளவு, நேர நீட்டிப்பு, சமமான கேள்விகள் வந்தால் யாருக்கு முன்னுரிமை ஆகியவை நிரலுக்குள் அடங்கிவிடுவதால், அவை எளிய மொழியில் வெளியிடப்பட்டாலன்றி யாராலும் சரிபார்க்க முடியாது. இரண்டாவது, தரவைப் பற்றியது: யார் எந்த விலை வரை வந்து விலகினார் என்ற தகவல் பழைய கூடத்தில் நினைவாக மட்டும் எஞ்சியது, இப்போது அது சேமிக்கப்படும் சொத்து. அதை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதற்குத் தெளிவான வரையறை இல்லாமல் பெயர் மறைப்பு முழுமையாகாது. மூன்றாவது, சந்தைக்கு வெளியே நிற்பவரைப் பற்றியது: தேயிலையின் ஒரு பகுதி ஏலத்துக்கு வராமல் நேரடியாகவே விற்பனையாவதால், ஏலத்துக்கு வரும் சரக்கின் அளவும் தரமும் மாறும்போது சராசரியும் மாறி, அந்த மாற்றம் விவசாயியின் வருவாயில் போய் முடிகிறது.

குன்னூரின் அறுபதாண்டு அனுபவம் மென்பொருளைக் கைவிடச் சொல்லவில்லை. மூடிய கூடத்தின் காலத்துக்குத் திரும்ப விரும்புவோரும் குறைவு. கருவி மாறிய அளவுக்கு அதன் மேற்பார்வை மாறவில்லை என்பதே அது காட்டும் குறை. ஏலத்தின் விதித் தொகுப்பைத் தமிழில் வெளியிடுவதும், விதி மாறும் முன் சிறு விவசாயிகளின் சங்கங்களைக் கலந்தாலோசிப்பதும், மாதந்தோறும் அறிவிக்கப்படும் பசுந்தேயிலைக் குறைந்தபட்ச விலை எந்தெந்த விற்பனைகளின் சராசரியிலிருந்து வந்தது என்ற கணக்கை முழுமையாக வெளியிடுவதும் தேயிலை வாரியத்தின் அதிகார எல்லைக்குள் உள்ள செயல்களே. கொழுந்து விற்பவரின் வருவாயைத் தீர்மானிக்கும் ஒரு கணக்கு, அவரால் படித்துச் சரிபார்க்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே நியாயமான கணக்காகும்.