ஈர்ப்பு நுண்வில்லை முறையில் புறக்கோள் கண்டறிதல்

ஈர்ப்பு நுண்வில்லை என்பது பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைக் கண்டறியும் முறைகளுள் ஒன்று.

செயல்முறை: தொலைவிலுள்ள விண்மீனுக்கும் நமக்கும் இடையே வேறொரு விண்மீன் நேர்கோட்டில் வந்தால், அதன் ஈர்ப்பு பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும். பின்னணி விண்மீன் சில வாரங்கள் கூடுதலாக ஒளிர்ந்து, பழைய நிலைக்குத் திரும்பும். குறுக்கே வந்த விண்மீனுக்குக் கோள் இருந்தால், ஒளியளவின் மாற்றத்தைக் காட்டும் ஒளிவரைவில் சில மணி நேரமோ ஓரிரு நாளோ நீடிக்கும் தனிப் புடைப்பு தோன்றலாம். கோளின் ஒளியே தேவைப்படாததால், பல்லாயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள குளிர்ந்த கோள்களும் இதில் அகப்படும். அதே நேர்கோடு மீண்டும் அமைவதில்லை என்பதால் தொடர்க் கண்காணிப்பு இன்றியமையாதது.

வரலாறு: ஐன்ஸ்டைன் 1936இல் இவ்விளைவை விளக்கினார். இதைக் கொண்டு கோள்களைத் தேடலாம் என 1991இல் ஷூடே மாவோவும் போடான் பச்சின்ஸ்கியும் காட்டினர். முதல் கோள் 2004இல் அறிவிக்கப்பட்டது. 2005 ஜூலை 31 அன்று உச்சம் தொட்ட ஒரு நிகழ்வில், ஆகஸ்ட் 10 அன்று சுமார் அரை நாள் நீடித்த சிறு புடைப்பு, பூமியைப் போல ஏறத்தாழ 5.5 மடங்கு நிறையுள்ள கோளைக் காட்டிக்கொடுத்தது.

இந்தியாவில்: நைனிடாலின் 104 செ.மீ. தொலைநோக்கி 1998 முதல் 2002 வரை ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தில் நுண்வில்லை நிகழ்வுகளைத் தேடியது.

நாஞ்சில் நாட்டு வானம்: நுண்வில்லை வழிக் கோள் தேடலின் முதன்மைக் களம் தனுசு ராசியிலுள்ள பால்வீதி மையம். நைனிடாலில் அது சுமார் 32 பாகையே எழ, நாஞ்சில் நாட்டின் கன்னியாகுமரியில் சுமார் 53 பாகை வரை உயரும். ஆனால் அது இரவு முழுதும் தெரியும் ஜூன், ஜூலை மாதங்கள் இங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம்.