படிகக்கல்லில் மனிதக் கை: இலங்கையின் கற்கருவிகளை இனங்காணல்

சில வருடங்களுக்கு முன் எட்டாந் தரத்து மாணவன் ஒருவன் நகமளவான வெண்படிகத் துண்டொன்றை என் மேசையில் வைத்து, “சேர், இது ஆதிமனுசன்ட அம்பு முனையா?” என்று கேட்டான். “சும்மா கல்லுடா” என்று சொல்லி யன்னலால் எறிந்துவிட்டேன். எங்கே எடுத்தாய் என்று கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய பிழை என்பது பின்னர் இத்துறை நூல்களை வாசித்தபோதுதான் விளங்கியது.

கல்லைக் கல்லால் தட்டிச் சில்லு பெயர்க்கும்போது அடிபட்ட இடத்தில் சிறு தட்டைமுகம் எஞ்சும். அதன் கீழே மெல்லிய புடைப்பும் அலைபோன்ற வரிகளும் தோன்றும். மறுபுறத்தில் முன்பு பெயர்த்த சில்லுகளின் தழும்புகள் இருக்கும். சேட் போன்ற நுண்மணிக் கற்களில் இவை தெளிவாகத் தெரியும். நமது நாட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை படிகக்கல்லால் ஆனவை. அது கண்டபடி நொறுங்கும். இந்த அடையாளங்கள் பலவேளை தெரியாது. ஆகவே ஒற்றைத் துண்டை வைத்து முடிவு சொல்ல ஏலாது. விளிம்பில் ஒழுங்காகத் தொடரும் நுண்கொத்தல் உண்டா, சில்லு பெயர்த்த மூலக்கல்லும் கழிவுத் துண்டுகளும் கூடவே கிடந்தனவா, எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்பவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1907இல் சுவிஸ் ஆய்வாளர்களான போல் சரசின், பிரிட்ஸ் சரசின் இருவரும் ஊவாவின் நில்கல குகையில் அகழ்ந்து இத்தகைய கருவிகளை வெளிக்கொணர்ந்தனர். பின்னர் சிரான் தெரணியகல, குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென குகையில் பிறை, முக்கோண வடிவ நுண்கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவை ஏறக்குறைய 28,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனக் கணித்தார். புளத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாஹியன்கல குகையின் நுண்கற்கருவிகளோ 48,000 ஆண்டுகள் வரை பின்செல்கின்றன.

மாணவனின் கேள்விக்கான விடையும் அங்கேதான் கிடைத்தது. பாஹியன்கலவில் எய்முனைகளாக இனங்காணப்பட்டவை எலும்பால் ஆனவை. நுனியில் வேகமாக மோதியதால் ஏற்பட்ட முறிவு, ஈட்டிக்குப் போதாத சிறிய அளவு, அதே அடுக்குகளில் கிடைத்த குரங்கு, அணில் எலும்புகள் ஆகியவற்றைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வு அவற்றை அம்புமுனைகள் என வாதிட்டது. முனை தனியே பேசவில்லை. கிடந்த இடமும் கூடக் கிடந்தவையும் பேசின.

“நீங்க எப்ப வந்தீங்க?” என்று எங்கட சமூகத்திடம் கேட்கப்படும்போது நாமும் பழைய கற்களைத்தான் தேடுகிறோம். ஆனால் மையவாடியைத் துப்புரவாக்கும் நாளில் மீஸான் கற்களைப் பிடுங்கி மதிலோரம் சாத்தி விடுகிறோம். எழுத்து மிஞ்சலாம், யாருக்குப் பக்கத்தில், எந்த வரிசையில் நின்றது என்ற சாட்சி போய்விடுகிறது.

பழங்கல் கண்டால் கிளறாமல் படமெடுத்து, இடத்தைக் குறித்து, தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. அனுமதியின்றி அகழ்வதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும் தடுக்கிறது.

அந்த மாணவன் கொண்டுவந்தது கருவியா, வெறுங்கல்லா? இனி எவராலும் சொல்ல முடியாது.