இருநூறும் நாற்பதும்: காவல் வேகத்தடை ஆன கதை

பேட்டையில் பெரியப்பா வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்த வாரமே சண்டையும் வந்துவிட்டது. "ஏல, காசு கொடுக்கது இருநூறுக்கு, வாரது நாப்பது. களவாணிப் பயலுவ" என்று போனில் கொதித்தார். இணைப்பு கொடுத்த பையன் மூன்று தடவை வந்து, ரவுட்டரை மாற்றிப் பார்த்து, திட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

ஊருக்குப் போனபோது நானும் சோதித்தேன். அவருடைய மேசைக் கணினியில் 40 எம்பிபிஎஸ்தான். அதே கம்பியை என் மடிக்கணினியில் செருகினால் 190. பெரியப்பா வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்கிற ஆன்டிவைரஸில் ‘இணையப் பாதுகாப்பு’ என்ற ஒரு பகுதியை மட்டும் நிறுத்தினேன். அவர் கணினியிலும் 180ஐத் தொட்டது.

பையன்மேல் தப்பில்லை. அதற்காக ஆன்டிவைரஸை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. அது கம்பிக்கு நடுவே போய் உட்கார்ந்ததற்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது.

1986இல் லாகூரின் பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதிய ‘பிரைன்’, ஃபிளாப்பி வழியாகப் பரவியது. தட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்துகொள்ளும். கையோடு கையாக நகரும் நோய்க்கு வாசலில் நிற்கும் வைத்தியர் போதும். 1991இல் சென்னையில் ஜெ. கேசவர்தனன் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கியதும், புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடையிலிருந்து வளர்ந்த காட்கர் சகோதரர்கள் பின்னால் குவிக் ஹீலைக் கொண்டுவந்ததும் இந்தக் காலத்தில்தான். தட்டைச் செருகினால் சோதனை, கோப்பைத் திறந்தால் சோதனை. வேலை அவ்வளவுதான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தொலைபேசிக் கம்பியில் நொடிக்கு 9.6 கிலோபிட். ஒரு மெகாபைட் இறங்க ஏறக்குறைய கால் மணி நேரம். வருவது சொட்டுச் சொட்டாக வரும்போது வடிகட்டி மெதுவானது என்று யாருக்குத் தெரியும்?

2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ புழு வந்தது. யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினி இணையத்தில் இருந்தாலே போதும், உள்ளே வந்துவிடும். அறுபது நொடியில் கணினி அணையப்போகிறது என்ற அறிவிப்பை அன்றைய பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோப்பைச் சோதித்தால் போதாது, கம்பியில் வருவதையே சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வலுப்பெற்றது. மைக்ரோசாஃப்ட் 2004இல் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கில் ஃபயர்வாலை இயல்பாகவே இயங்கும்படி வைத்தது. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவே ஓர் இடைத்தரகரை உட்காரவைத்தன.

அதே 2004இல் இந்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. இணையத் தரவு பொதுவாக அதிகபட்சம் 1,500 பைட் கொண்ட பொட்டலங்களாக வரும். 256 கிலோபிட் என்றால் நொடிக்கு 21 பொட்டலம். பெரியப்பாவின் 200 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 16,000க்கும் மேல். கம்பியின் வேகம் ஏறக்குறைய 780 மடங்கு கூடிவிட்டது. கணினியின் ஒற்றை மையச் செயலியின் வேகம் அந்த அளவுக்குக் கூடவே இல்லை.

பொட்டலத்தைச் சும்மா எண்ணிவிட்டு விடுவதும் இல்லை. நச்சுநிரலின் அடையாளம் இரண்டு பொட்டலங்களில் பாதிப் பாதியாக இருக்கலாம். அதனால் சேர்த்து வைக்க வேண்டும், சுருக்கியதை விரிக்க வேண்டும், ஒப்பிட வேண்டும், பிறகுதான் உலாவிக்கு விட வேண்டும். 1843இல் சுலோசன முதலியார் பாலம் வரும்வரை நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில்தான் கடந்தார்கள். இரு கரையிலும் ரோடு எவ்வளவு அகலமாக இருந்தாலும் கடப்பது படகு கொள்கிற ஆட்கள் மட்டும்தான்.

வேகம் போனதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ். உலாவிக்கும் தளத்துக்கும் நடுவே பூட்டிய பெட்டியில்தான் எல்லாம் போகிறது. பூட்டிய பெட்டியைச் சோதிக்க வேண்டுமானால் திறக்க வேண்டுமே? சில ஆன்டிவைரஸ்கள் கணினியில் தங்களுடைய சொந்தச் சான்றிதழை நட்டு, தாங்களே தளம்போல நடித்து, திறந்து படித்து, மறுபடி பூட்டி அனுப்புகின்றன. வங்கிப் பக்கம் உட்பட எதையும் இப்படித் திறக்க முடியும். மிச்சிகன் பல்கலைக்கழகம், மோசில்லா, கூகுள், கிளவுட்ஃபிளேர் முதலிய இடங்களின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இப்படி நடுவில் நுழையும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இணைப்பின் பாதுகாப்பைக் குறைக்கின்றன என்று காட்டியது. காவலுக்கு வைத்த ஆள் பூட்டைத் திறந்துவிட்டு, முன்னைவிட மட்டமான பூட்டைப் போடுகிறான். படிக்கிறவர் கையில் தகவல் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. அவாஸ்ட், தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020இல் அம்பலமானது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் 1.65 கோடி டாலர் விதித்தது.

"அப்ப மொத்தமா தூக்கிரவா?" என்றார் பெரியப்பா. அதுதான் அடுத்த ஆபத்து. வேகம் குறைகிறது என்று எல்லாக் காவலையும் அணைத்துவிட்டு, அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

எனவே கோப்பைச் சோதிக்கும் பகுதியை விட்டுவைத்தேன். இறங்கிய கோப்பு வட்டில் எழுதப்படும்போதோ திறக்கப்படும்போதோ எப்படியும் அது பார்க்கும். போலித் தளங்களை உலாவியே எச்சரிக்கிறது. விண்டோஸ் 8 முதல் ஆன்டிவைரஸ் கணினியோடு சேர்ந்தே வருகிறது. கம்பிக்கு நடுவே இருந்த இடைத்தரகருக்கு மட்டும் ஓய்வு கொடுத்தேன்.

சாயங்காலம் பெரியப்பா அந்தப் பையனுக்குப் போன் போட்டார். மன்னிப்பு என்ற சொல்லெல்லாம் வரவில்லை. "தம்பி, உன் லைன் சரியாத்தாம்டே இருக்கு. இந்தப் பக்கமா வந்தா வீட்டுக்கு வா, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார்.